23 கோப்பு, ஒரே கமிட்: இதை எப்படிப் பிரிப்பது?

கோத்தகிரியில் ஒரு சின்ன மென்பொருள் அலுவலகத்தில் சேர்ந்து மூன்று மாதமான தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். தேயிலைத் தொழிற்சாலைக்கான பச்சை இலைக் கணக்கு மென்பொருளில் வேலை. மூன்று நாளில் எடை படிக்கும் பகுதியைத் தனிக் கோப்புக்கு மாற்றினாராம், ரசீதைத் தமிழில் அச்சாகும்படி செய்தாராம், தேதிப் பிழை ஒன்றைத் திருத்தினாராம். போகிற போக்கில், வரிகளைத் தானாக ஒழுங்காக அடுக்கும் எடிட்டரின் பார்மேட்டரும் ஓடிவிட்டது. எல்லாவற்றையும் ஒரே கமிட்டில் (கோப்பு மாற்றங்களின் வரலாற்றை வைத்திருக்கும் கிட் என்ற கருவியில் ஒரு பதிவு) போட்டு, “மாற்றங்கள்” என்று செய்தி எழுதி அனுப்பினார். 23 கோப்புகள். “சுத்தமாகப் பிரித்து அனுப்பு” என்று டீம் லீட் திருப்பிவிட்டார். எங்கே வெட்டுவது, எப்படி வெட்டுவது என்பது முதல் கேள்வி. மழைக்காலத்தில் சாயந்திரமானால் கரண்ட் போய்விடுகிறது, அந்தப் பயத்தில் அரைகுறையாக இருப்பதையும் கமிட் செய்துவிடுகிறேன், அது தப்பா என்பது இரண்டாவது கேள்வி.

தம்பி, இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது தெளிவானால் முதல் கேள்வி பாதி தீர்ந்துவிடும்.

தப்பே இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் எந்த மரம் எந்தக் கம்பியில் விழும் என்று நம் ஊரில் யாராலும் சொல்ல முடியாது. ஒரு நாளைக்கு இருபது தடவை வேண்டுமானாலும் கமிட் செய்யுங்கள். கமிட் ஆனதைக் கிட் அவ்வளவு சீக்கிரம் தூக்கி எறியாது. தவறிப்போய் ஒரு கமிட்டை இழந்துவிட்டதாகத் தோன்றினாலும், “கிட் ரீஃப்லாக்” என்று அடித்தால் உங்கள் கிளை (கமிட்டுகளின் ஒரு தொடர்) எங்கெங்கே நின்றது என்ற வரலாறு வரும். அதிலிருந்து மீட்டுவிடலாம். வழக்கமான அமைப்பில் அந்தக் குறிப்புகள் 90 நாள் இருக்கும், எந்தக் கிளையிலிருந்தும் எட்டாத கமிட்டுக்கானவை 30 நாள். கமிட்டே ஆகாமல் எடிட்டரில் மட்டும் இருந்ததை ரீஃப்லாக்கால் காப்பாற்ற முடியாது. அதோடு, உங்கள் பெயரில் ஒரு தனிக் கிளை வைத்து அதை அவ்வப்போது பொதுச் சர்வருக்குப் புஷ் செய்துவிட்டால், மடிக்கணினியே போனாலும் வேலை மிஞ்சும்.

ஆனால் அந்தக் கமிட்டுகள் உங்களுக்கானவை. மற்றவர் கைக்குப் போகும் கமிட் வேறு. தொழிற்சாலைக்குள் போயிருப்பீர்கள். வாடவைத்து, நறுக்கி, புளிக்கவைத்து, உலர்த்தி எடுத்த தூள் எல்லாம் கலந்துதான் வெளியே வரும். அதை அப்படியே மூட்டை கட்டி குன்னூர் ஏலத்துக்கு யாராவது அனுப்புவார்களா? சல்லடையில் ஏற்றி, டஸ்ட் தனி, பிஓபி தனி என்று ரகம் பிரித்து, ஒவ்வொரு லாட்டுக்கும் எண் போட்டு அனுப்புகிறார்கள். சுவைப்பவர் ஒரு லாட்டைச் சுவைத்து அதற்கு ஒரு மதிப்புச் சொல்ல முடிவது அதனால்தான். உங்கள் டீம் லீட் கேட்பதும் இந்தச் சலிப்பைத்தான். சேமிப்பது ஒரு வேலை, சலித்து அனுப்புவது இன்னொரு வேலை. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யப் பார்ப்பதால்தான் குழப்பம் வருகிறது.

இது இவ்வளவு முக்கியமா என்று தோன்றலாம். என் வாழ்க்கையில் நடந்ததைச் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் கட்டபெட்டு பக்கம் ஒரு தொழிற்சாலைக்கு இதே மாதிரி எடைக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்திருந்தோம். ஒரு மாதக் கடைசியில் சிறு விவசாயி அம்மா ஒருவர் தன் நோட்டோடு அலுவலகத்துக்கே வந்துவிட்டார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் கோடு போட்ட நோட்டு. நாளுக்கு ஒரு வரி: தேதி, எத்தனை மூட்டை, என்ன எடை, ஈர இலைக்கு எவ்வளவு கழித்தார்கள். அந்த மாதம் 22 மூட்டை கொடுத்திருக்கிறார். அவர் கூட்டலுக்கும் எங்கள் ரசீதுக்கும் 11 கிலோ வித்தியாசம். முந்தைய மாதங்களில் ஒரு கிலோ கூட மாறியதில்லை.

அவர் கணக்கு சரி. எங்கள் கணக்கில்தான் தவறு. எப்போது நுழைந்தது என்று கண்டுபிடிக்க “கிட் பைசெக்ட்” ஓட்டினோம். சரியாக வேலை செய்த பழைய கமிட் ஒன்றையும், தவறாக வேலை செய்யும் இன்றைய கமிட்டையும் காட்டினால், அது நடுவில் உள்ளதை எடுத்துக் கொடுத்து “இது சரியா, தவறா” என்று கேட்கும். ஒவ்வொரு பதிலுக்கும் பாதி கழிந்துவிடும். இடையில் சுமார் 600 கமிட்டுகள் இருந்தன. பத்து சுற்றில் ஒன்றின் மேல் விரல் வைத்துவிட்டது. ஆயிரம் இருந்தாலும் பத்து சுற்றுதான், அவ்வளவு நல்ல கருவி.

விரல் வைத்த கமிட்டின் செய்தி “சீரமைப்பு”. உள்ளே 1,400 வரிகள். பைசெக்ட் கமிட் வரைக்கும்தான் கொண்டுவந்து விடும். கமிட்டுக்குள்ளே நாம்தான் இறங்கித் தேட வேண்டும். இடைவெளி மாற்றங்களை மறைக்க “கிட் ஷோ -டபிள்யூ” போட்டுப் பார்த்தோம். பார்மேட்டர் வரிகளை உடைத்து அடுக்கி, மேற்கோள் குறிகளையும் மாற்றியிருந்ததால் அது பாதிதான் உதவியது. வரி வரியாகப் படித்து, இரண்டாம் நாள் ராத்திரிதான் கண்ணில் பட்டது. நாள் மொத்தத்தை ரவுண்ட் செய்துகொண்டிருந்த கணக்கு, ஒவ்வொரு மூட்டையின் எடையிலும் கிலோவுக்குக் கீழே உள்ள கிராமை வெட்டிவிடுவதாக மாறியிருந்தது. மூட்டைக்குச் சராசரியாக அரைக் கிலோ, 22 மூட்டைக்கு 11 கிலோ.

அந்தக் கமிட்டை எழுதியது நான்தான். இருந்தும், அந்த வரியை ஏன் மாற்றினேன் என்று எனக்கே நினைவில்லை. தொழிற்சாலையில் கேட்டுக்கொண்டதால் மாற்றினேனா, கை தவறியா? “சீரமைப்பு” என்ற ஒற்றைச் சொல் எதையும் சொல்லவில்லை. மேலாளருக்கு போன் போட்டு விசாரித்த பிறகுதான் புரிந்தது: ரசீதுத் தாளில் இடம் போதாமல் தசம எண் அடுத்த வரிக்கு ஓடுகிறது என்று சொல்லியிருக்கிறார்கள். அச்சில் சுருக்க வேண்டியதை நான் கணக்கிலேயே சுருக்கிவிட்டேன். தராசு அனுப்பும் மூல எடை தனியாகப் பதிவாகியிருந்ததால், விடுபட்டதை எல்லோருக்கும் கணக்கிட்டு அடுத்த மாதப் பணத்தோடு சேர்த்துக் கொடுக்க முடிந்தது. அந்த ஒரு வரி தனிக் கமிட்டாக, “ரசீதில் தசமம் அடுத்த வரிக்குப் போகாமல் இருக்க” என்ற செய்தியோடு போயிருந்தால் ரிவ்யூ செய்தவரே அன்றைக்கே பிடித்திருப்பார். அந்த அம்மா பஸ் ஏறி வந்திருக்க வேண்டியதில்லை.

சரி, இப்போது உங்கள் 23 கோப்புகளுக்கு வருவோம். கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். டைப் செய்யும்போது ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

முதலில் பத்திரப்படுத்துங்கள். “கிட் பிராஞ்ச் பேக்கப்” என்றால், இப்போதைய நிலையைக் காட்டும் இன்னொரு கிளை உருவாகிவிடும். இனி எதைக் கெடுத்தாலும் திரும்பி வர இடம் இருக்கிறது. அப்புறம் ஒரு தாளை எடுத்து, இந்த மூன்று நாளில் என்னென்ன காரணங்களுக்காக நிரலில் (கோடில்) கை வைத்தீர்கள் என்று எழுதுங்கள். கோப்புப் பெயர்களை எழுத வேண்டாம், காரணங்களை எழுதுங்கள். நீங்கள் சொன்னதிலிருந்தே நான்கு வருகிறது: தேதிப் பிழை, பார்மேட்டர், எடைப் பகுதியை நகர்த்தியது, தமிழ் ரசீது. வெட்ட வேண்டிய இடம் இதுதான். ஒரு கமிட்டின் செய்தியை எழுதும்போது நடுவில் “அப்புறம்” என்று ஒரு சொல் தேவைப்பட்டால், அங்கே இரண்டு கமிட் இருக்கிறது என்று பொருள். இன்னொரு சோதனையும் உண்டு: நாளைக்கு இதை மட்டும் “கிட் ரிவர்ட்” செய்து நீக்கினால் மற்றவை நிற்குமா? தமிழ் ரசீதில் பிரச்சினை வந்து அதை நீக்கும்போது தேதித் திருத்தமும் சேர்ந்து போகக் கூடாது.

வரிசையும் முக்கியம். தேதித் திருத்தத்தை எல்லாவற்றுக்கும் முதலில் வையுங்கள். அவசரம் என்று அதை மட்டும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பதிப்புக்கு “செர்ரி பிக்” செய்து எடுக்க வேண்டியிருக்கும். அது பார்மேட்டர் கமிட்டுக்குப் பின்னால் இருந்தால், பழைய பதிப்பில் வரிகளே வேறாக இருக்கும், மோதல் வரும். அடுத்து பார்மேட்டர், அதன் பின் நகர்த்தல், கடைசியில் புது வசதி.

பார்மேட்டர் மாற்றங்களை மற்றவற்றிலிருந்து கையால் பிரித்தெடுக்க முயலாதீர்கள், கண் போய்விடும். அதற்கு வேறு வழி இருக்கிறது. பேக்கப் கிளை இருப்பதை ஒரு தடவை உறுதி செய்துகொண்டு, உங்கள் கிளையில் “கிட் ரீசெட் --ஹார்ட் ஹெட்~1” கொடுங்கள். கோடு மூன்று நாளுக்கு முந்தைய நிலைக்குப் போய்விடும். (ஹார்ட் என்பது கமிட் ஆகாத மாற்றங்களை அழிக்கும். பேக்கப் கிளை கமிட் ஆனதை மட்டும்தான் காக்கும், அதனால் எல்லாம் கமிட் ஆகியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.) தேதித் திருத்தம் இரண்டு மூன்று வரிதான் இருக்கும், அதைக் கையால் மறுபடி எழுதி, அதற்கான டெஸ்ட்டோடு கமிட் செய்யுங்கள். அப்புறம் முன்பு எந்தக் கோப்புகளில் பார்மேட்டர் ஓடியதோ அவற்றில் மட்டும் ஓட்டி, வேறு எதையும் தொடாமல் கமிட் செய்யுங்கள். இப்போது “கிட் ரெஸ்டோர் --சோர்ஸ்=பேக்கப் .” கொடுத்தால் உங்கள் மூன்று நாள் வேலையின் இறுதி வடிவம் கோப்புகளில் திரும்பி வந்துவிடும். “கிட் டிஃப்” பார்த்தால் நகர்த்தலும் தமிழ் ரசீதும் மட்டும்தான் மிச்சம் இருக்கும். ஆயிரம் வரி நூறாகக் குறைவதைப் பார்க்கும்போது மனசுக்கே லேசாக இருக்கும்.

மிச்சத்தைப் பிரிக்க “கிட் ஆட் -பி”. இந்தப் பதில் முழுவதிலும் ஒன்றை மட்டும் பழகிக்கொள்ள முடியும் என்றால் இதைப் பழகுங்கள். கோப்பை மொத்தமாகச் சேர்க்காமல், மாற்றங்களைத் துண்டு துண்டாகக் காட்டி ஒவ்வொன்றுக்கும் கேட்கும். ஒய் அடித்தால் சேர்க்கும், என் அடித்தால் விடும், எஸ் அடித்தால் துண்டை இன்னும் சின்னதாக உடைக்கும். உடைக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டிருந்தால் இ அடித்து, எந்த வரி வேண்டும் என்று நீங்களே திருத்தலாம். புதிதாக உருவாக்கிய கோப்புகளை இது காட்டாது. அவற்றுக்கு முதலில் “கிட் ஆட் -என்” (இந்த என் பெரிய எழுத்து) கொடுத்துவிட்டால் அவையும் வரிசையில் வரும். தேர்ந்தெடுத்து முடித்ததும் “கிட் டிஃப் --ஸ்டேஜ்டு” போட்டு முழுதாகப் படியுங்கள். சோதனைக்காகப் போட்ட பிரிண்ட் வரிகள், மறந்து விட்ட கமென்ட், எல்லாம் இங்கேதான் அகப்படும். நான் இதைப் படிக்காமல் கமிட் செய்வதே இல்லை.

நகர்த்தல் கமிட்டில் நகர்த்தலை மட்டும் செய்யுங்கள். கோப்பின் பெயர் மாறியது என்ற தகவலைக் கிட் எங்கும் எழுதி வைப்பதில்லை. ஒவ்வொரு கமிட்டிலும் முழுக் கோடின் நிலையைத்தான் வைக்கிறது. பார்க்கும் நேரத்தில் பழைய கோப்பும் புதிய கோப்பும் பாதிக்கு மேல் ஒத்துப்போனால் “பெயர் மாறியிருக்கிறது” என்று ஊகிக்கிறது. நகர்த்திக்கொண்டே திருத்தவும் செய்தால் அந்த ஊகம் தவறி, ஒரு கோப்பு அழிந்து இன்னொன்று பிறந்ததாகக் காட்டும். பழைய வரலாறு அங்கேயே அறுந்த மாதிரி ஆகிவிடும். உங்களைப் போல ஒரு பகுதியை மட்டும் நகர்த்தியிருந்தால், ரிவ்யூ செய்பவர் “கிட் டிஃப் --கலர்-மூவ்டு” போட்டு, இடம் மட்டும் மாறிய வரிகளைத் தனி நிறத்தில் பார்க்க முடியும்.

ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியவர் யார் என்று சொல்வது “கிட் பிளேம்”. பார்மேட்டர் கமிட்டுக்குப் பிறகு, அது தொட்ட எல்லா வரிக்கும் உங்கள் பெயரைக் காட்டும். கிட் 2.23 பதிப்பிலிருந்து, 2019 முதல், அதற்கும் வழி இருக்கிறது. அந்தக் கமிட்டின் அடையாள எண்ணை (ஹாஷ்) முழுதாக ஒரு கோப்பில் எழுதி, “பிளேம்.இக்னோர்ரெவ்ஸ்ஃபைல்” என்ற அமைப்பில் அந்தக் கோப்பைக் காட்டிவிட்டால், பிளேம் அதைத் தாண்டி உண்மையில் எழுதியவரைக் காட்டும். பார்மேட்டர் தனிக் கமிட்டாக இருந்தால்தான் இது நடக்கும்.

அதே சமயம் ரொம்பப் பொடியாகவும் நறுக்காதீர்கள். ஃபங்ஷனை ஒரு கமிட்டில் மாற்றி, அதைக் கூப்பிடும் இடங்களை அடுத்த கமிட்டில் மாற்றினால், நடுவில் உள்ள கமிட்டில் மென்பொருளே ஓடாது. பைசெக்ட் அங்கே வந்து நின்றால் சரி என்றும் சொல்ல முடியாது, தவறு என்றும் சொல்ல முடியாது, தாண்டித்தான் போக வேண்டும். ஒவ்வொரு கமிட்டும் தனியாக நின்று ஓட வேண்டும். டெஸ்ட்டைத் தனிக் கமிட்டாகப் போடுபவர்களும் இருக்கிறார்கள். அது சோதிக்கும் கோடோடு சேர்ந்து இருப்பதே என் விருப்பம். எல்லாம் பிரித்து முடித்த பிறகு “கிட் ரிபேஸ் -ஐ --எக்ஸெக்” என்று உங்கள் டெஸ்ட் கட்டளையை மேற்கோளுக்குள் கொடுத்து, கடைசியில் மெயின் (குழுவின் முதன்மைக் கிளை) என்று சேர்த்தால், ஒவ்வொரு கமிட்டாக ஏறி டெஸ்ட்டை ஓட்டிப் பார்க்கும். எதில் உடைகிறதோ அங்கேயே நிற்கும்.

செய்திக்கு வருவோம். முதல் வரி சுருக்கமாக, ஆங்கிலத்தில் என்றால் 50 எழுத்துக்குள். அப்புறம் ஒரு வரி காலி விட வேண்டும். முதல் வரியைத் தலைப்பாகப் பிரித்துக் காட்டக் கிட் அந்தக் காலி வரியைத்தான் பார்க்கிறது. கீழே விளக்கம், வரிக்கு 72 எழுத்துக்குள். “சேர்”, “திருத்து”, “நகர்த்து” என்று ஏவலாக எழுதுவது வழக்கம். மெர்ஜ், ரிவர்ட் என்று கிட் தானே எழுதும் செய்திகளும் அப்படித்தான் தொடங்கும். வடிவம் இவ்வளவுதான், பெரிய விஷயம் இல்லை. உள்ளே எழுத வேண்டியது காரணம். என்ன மாறியது என்பதை டிஃப் காட்டிவிடும். ஏன் என்பதை அது காட்டாது. அந்த 11 கிலோ விவகாரத்தைத் திருத்திய கமிட்டின் செய்தி இது:

“எடை: மூட்டைவாரியாக வெட்டாமல் நாள் மொத்தத்தை ரவுண்ட் செய்

ஒவ்வொரு மூட்டையிலும் கிராமை வெட்டியதால் விவசாயிக்கு மூட்டைக்குச் சராசரியாக அரைக் கிலோ குறைந்தது. ரசீதில் தசமம் அடுத்த வரிக்குப் போகாமல் இருக்கவே முன்பு இப்படி மாற்றப்பட்டது. அந்தச் சுருக்கம் இனி அச்சிடும் பகுதியில் மட்டும். ஈர இலைக் கழிவு முன்பு போலவே மொத்த எடையின் மேல்.”

இதை எப்போது எடுத்துப் படித்தாலும், அந்த வரியை யாரும் மறுபடி தவறாகத் தொட மாட்டார்கள். தமிழில் எழுதலாமா என்று உங்களுக்குத் தயக்கம் இருக்கலாம். எங்கள் குழுவில் தலைப்பு வரி ஆங்கிலத்தில் இருந்தாலும், இலை, கழிவு, ஏஜென்ட் கணக்கு என்று தொழில் சம்பந்தப்பட்ட காரணங்களைத் தமிழில்தான் எழுதுகிறோம். மேலாளர் சொன்ன சொல்லிலேயே எழுதினால் பொருள் மாறாது. தமிழ் எழுத்துகளையும் குறிக்கும் யூடிஎஃப்-8 குறியீட்டைக் கிட் இயல்பாகவே ஏற்கும். கோப்புப் பெயர் தமிழில் இருந்தால் மட்டும், ஸ்டேட்டஸ் பார்க்கும்போது எண்ணும் சாய்கோடுமாகக் காட்டும், “கோர்.குவோட்பாத்” என்ற அமைப்பை ஃபால்ஸ் என்று வைத்தால் பெயர் தமிழிலேயே தெரியும்.

இப்படிப் பிரித்துக் கேட்பது உங்கள் டீம் லீட் கண்டுபிடித்த வழக்கம் இல்லை. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் கிட்டை எழுதினார். கெர்னலில் மாற்றங்கள் மின்னஞ்சலில் பேட்ச்சாக வரும், ஒருவர் உட்கார்ந்து படித்துத்தான் ஏற்பார். ஒரு பேட்ச்சில் ஒரு மாற்றம் என்பது அங்கே எழுதப்பட்ட விதி. எழுதியவர் ஒருவர், சேர்த்தவர் இன்னொருவர் என்று கமிட்டில் இரண்டு பெயர் இருப்பதும் அதனால்தான். படிக்க ஒரு ஆள் இருக்கிறார் என்பது இந்தக் கருவிக்குள்ளேயே ஊறியிருக்கிறது.

அடுத்த வேலையிலிருந்து இவ்வளவு பாடு பட வேண்டியிருக்காது. கரண்டுக்குப் பயந்து நாள் முழுக்கப் போடும் கமிட்டுகளில், முந்தைய ஒன்றுக்கான திருத்தம் என்று தெரிந்தால் “கிட் கமிட் --ஃபிக்ஸ்அப்” என்று அந்தக் கமிட்டின் எண்ணோடு கொடுங்கள். கடைசியில் “கிட் ரிபேஸ் -ஐ --ஆட்டோஸ்குவாஷ் மெயின்” ஓட்டினால், ஒவ்வொரு திருத்தமும் அதனதன் தாய்க் கமிட்டோடு போய்ச் சேர்ந்துகொள்ளும். ரிபேஸ் பழைய கமிட்டுகளுக்குப் பதில் புதியவற்றை உருவாக்குகிறது, அதனால் எண்கள் மாறும். உங்கள் தனிக் கிளையில் எத்தனை தடவை வேண்டுமானாலும் செய்யலாம்; மற்றவர்கள் எடுத்து வேலை செய்யும் கிளையில் செய்யவே கூடாது. தனிக் கிளையை மறுபடி புஷ் செய்யும்போதும் வெறும் ஃபோர்ஸ் வேண்டாம், “--ஃபோர்ஸ்-வித்-லீஸ்” கொடுங்கள். நீங்கள் பார்க்காத கமிட் ஏதாவது அங்கே வந்திருந்தால் அது மறுத்துவிடும்.

ஒன்றை மட்டும் எந்தச் சலிப்பாலும் சரி செய்ய முடியாது. தரவுத்தளக் கடவுச்சொல்லோ விவசாயிகளின் வங்கிக் கணக்குப் பட்டியலோ ஒரு கமிட்டில் போய் அது புஷ்ஷும் ஆகிவிட்டால், அடுத்த கமிட்டில் அழித்தாலும் பழையதில் அப்படியே இருக்கும். கடவுச்சொல்லை உடனே மாற்றுங்கள், டீம் லீடிடம் உடனே சொல்லுங்கள். அப்படிப்பட்ட கோப்புகளை முதல் நாளே “.கிட்இக்னோர்” பட்டியலில் சேர்த்துவிடுவது நல்லது.

பிரித்த நான்கு கமிட்டுகளை அனுப்புவதற்கு முன் “கிட் டிஃப் பேக்கப்” என்று ஒரு தடவை கொடுத்துப் பாருங்கள். எதுவும் காட்டவில்லை என்றால், 23 கோப்புகளில் ஒரு எழுத்துகூட விடுபடாமல் வந்துவிட்டது. டீம் லீட் ஏற்று மெயினில் சேர்த்த பிறகு அந்தக் கிளையை “கிட் பிராஞ்ச் -டி பேக்கப்” கொடுத்து நீக்கிவிடலாம். டி பெரிய எழுத்தாக இருக்கட்டும். அந்தப் பழைய ஒற்றைக் கமிட் மெயினில் சேராததால், சின்ன டி போட்டால் மறுத்துவிடும்.